படுக்க முடியாத நோயாளி

பள்ளத்தூர்ப் பக்கமிருந்து பிளஸ் ஒன் படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். ஊர்த் திருவிழாவில் குதிரைவண்டி எல்கைப் பந்தயம். எல்கையில் திரும்பி வரும் வழியில், தார்ச் சாலையில், ஒரு குதிரைக்கு முன்னங்கால் ஒடிந்துவிட்டது. கால்நடை மருத்துவர் வந்தார், பார்த்தார், குதிரைக்காரரைத் தனியே அழைத்துப் பேசினார், உயிரை முடிக்கும் ஊசியைப் போட்டுவிட்டார். "எங்க அப்பத்தா போன வருஷம் முற்றத்துல வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாங்க. புத்தூர்க் கட்டுப் போட்டு இப்பக் கோயிலுக்கு நடந்தே போறாங்க. 76 வயசு அப்பத்தாவுக்குச் சேருற எலும்பு ஆறு வயசுக் குதிரைக்குச் சேராதா?"

சேரும். சேர்ந்த பிறகும் குதிரை செத்துப்போகலாம். அதனால்தான் இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் எலும்பு ஒடிகிற கதையை வேகமாக முடித்துவிடலாம். குதிரை நிற்பது காலுக்கு ஒன்றாக நான்கு நடுவிரல்களின் மேல். மற்ற விரல்கள் பரிணாமத்தில் தேய்ந்துவிட்டன. முன்னங்காலில் நாம் முழங்கால் என்று நினைப்பது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே தசை கிடையாது. எலும்பு, தசைநாண், மேலே தோல், அவ்வளவுதான். காலின் கனம் குறையக் குறைய அதை வீசுவது சுலபம், வேகம் கூடும். நாலு கால் பாய்ச்சலில் ஒரு கணம் ஒற்றை முன்னங்கால் மட்டுமே தரையில் இருக்கும். அப்போது அதில் விழும் விசை, உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு. 500 கிலோ ரேஸ் குதிரை என்றால் ஒன்றேகால் டன். புரவி எடுப்புக்கு மண்குதிரை செய்யும் வேளார் ஒருவரிடம், காலை ஏன் தூண் மாதிரி வைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நெசக் குதிரை மாதிரி வச்சா சூளைக்குப் போறதுக்கு முன்னாடியே ஒடிஞ்சிருமே" என்றார்.

இன்னொன்று. பெரும்பாலான பந்தய முறிவுகள் அந்த நொடியில் பிறப்பவை அல்ல. பயிற்சியில் எலும்பில் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. அவற்றைச் செப்பனிட உடல் முதலில் பழைய எலும்பைத் தோண்டி எடுக்கும், பிறகுதான் புதியதை நிரப்பும். தோண்டிய பள்ளம் நிரம்புமுன் மறுபடி ஓட விட்டால் ஒடிகிறது.

மேலே இருக்கும் மனிதனுக்கும் ஆபத்து குறைவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் குதிரை சரிந்தால் ஜாக்கி அதே வேகத்தில் முன்னே பறப்பார். பின்னால் வரும் குதிரைகளின் குளம்படியில் விழுவார். ஜாக்கி இருக்கையில் உட்காருவதில்லை, அங்கவடியில், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால்மிதியில், முன்பாதத்தை ஊன்றிக் குந்தி நிற்கிறார். குதிரை ஏறி இறங்க, அவர் முழங்கால் மடங்கி நீள, உடம்பு மட்டும் மிதந்தபடி போகும். அவர் எடையைக் குதிரை தாங்கத்தான் வேண்டும்; ஆனால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. சுமார் 1900ஐ ஒட்டி இந்தக் குந்தல் பரவியபோது பந்தய நேரங்கள் 5 முதல் 7 சதவீதம் குறைந்தன என்று 2009இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. வேகத்துக்கு விலை, பிடிமானம். போதாக்குறைக்கு எடை குறைக்கப் பட்டினி, வேர்வை எடுப்பு. அதனால் எலும்பும் வலுவிழக்கிறது. நம் பந்தயச் சாரதிகளின் தலையிலோ பெரும்பாலும் துண்டுதான்.

சரி, கட்டுக்கு வருவோம். அப்பத்தாவைக் குணப்படுத்திய புண்ணியத்தில் பாதி கட்டுக்கு, பாதி கட்டிலுக்கு. குதிரைக்குக் கட்டில் கிடையாது. அது ஒரு நாளில் சற்று நேரம்தான் படுக்கும். நாள்கணக்கில் படுத்தால் அதன் எடையே அடியிலிருக்கும் தசைகளை நசுக்கிவிடும், கீழ்ப்பக்க நுரையீரல் கெடும், குடல் மந்தமாகும். ஆகவே நோயாளி நின்றபடியே தேற வேண்டும், அதுவும் மூன்று காலில். நான்காவது காலின் பங்கு பெரும்பாலும் ஜோடிக் காலின் தலையில் விழும்.

அந்த ஜோடிக் காலின் குளம்புக்குள்தான் நான் காட்ட விரும்பிய அதிசயம் இருக்கிறது.

குளம்புக்குள் ஓர் எலும்பு இருக்கிறது, விரலின் கடைசி எலும்பு. அது குளம்பின் அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் நானும் பல காலம் நினைத்திருந்தேன். இல்லை, உறியில் பானை தொங்குவது போலக் குளம்பின் சுவரிலிருந்து தொங்குகிறது. உங்கள் விரலோடு நகம் ஒட்டியிருக்கிறதே, அதே உறவுதான். குதிரை தன் முழு எடையையும் நகத்தின் ஒட்டில் தொங்கவிட்டு நடக்கிறது!

வெறும் ஒட்டு இதைத் தாங்காது. அதனால் இயற்கை மடிப்பு வைத்துத் தைத்திருக்கிறது. சுவரின் உட்புறத்தில் 550 முதல் 600 வரை மெல்லிய மடிப்புகள், காளானைத் திருப்பிப் பார்த்தால் தெரியுமே, அப்படி. ஒவ்வொரு மடிப்பிலும் 150க்கு மேல் குட்டி மடிப்புகள். எலும்பைப் போர்த்திய திசுவிலும் இதேபோல் மடிப்புகள். இரண்டும் விரலோடு விரல் கோத்தது போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கின்றன. ஆச்சிகள் நீளக் கண்டாங்கியைப் பின்கொசுவத்தில் அடக்குவது போல, தேங்காய் மூடியை விடக் கொஞ்சம் பெரிய குளம்புக்குள் ஏறத்தாழ 0.8 சதுர மீட்டர் பரப்பு அடங்கியிருக்கிறது. ஓரடிச் சதுர ஆத்தங்குடிக் கல் எட்டுக்கு மேல் பதிக்கலாம். ஒவ்வொரு குளம்பிலும்.

இந்த மடிப்புகள் உயிருள்ளவை, ரத்தம் கேட்பவை. இதயம் மட்டும் அனுப்பினால் போதாது. காலைத் தூக்கி வைக்க வேண்டும்: அழுத்தம், விடுதலை, அழுத்தம், விடுதலை. குளம்புக்குள் நுண்குழாய் செருகி அளந்தே பார்த்திருக்கிறார்கள். நடந்தால் மடிப்புகளில் ரத்தவோட்டம் கூடுகிறது. சும்மா நிற்கும் குதிரையைக் கவனியுங்கள், கால் மாற்றிக் கால் மாற்றித்தான் நிற்கும். அலுப்பு என்று நினைக்கிறோம். குளம்புக்குச் சாப்பாடு ஊட்டுகிறது.

ஒரு கால் ஒடிந்தால் ஜோடிக் காலுக்கு அந்த விடுதலை இல்லை. மடிப்புகள் பட்டினி கிடந்து அழற்சி கண்டு ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. உறி அறுகிறது. பின்னாலிருந்து தசைநாண் இழுக்க, எலும்பு திரும்பிக் கீழே இறங்கும். முற்றினால் குளம்பின் அடியையே துளைத்துவிடும்.

பார்பரோ என்ற அமெரிக்கக் குதிரை 2006 மே மாதம் கென்டக்கி டெர்பியை வென்றது. இரண்டு வாரத்தில் அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் தகடு வைத்து 27 திருகாணிகள் முடுக்கினார்கள். எலும்பு சேர்ந்துகொண்டே வந்தது. ஜூலையில் ஒடியாத இடது பின்னங்காலின் குளம்பு கழன்றது, பிறகு முன்னங்கால்களும் கெட்டன. 2007 ஜனவரி 29 அன்று ஊசி. பணம், நிபுணர்கள், நாட்டின் பிரார்த்தனை எல்லாம் இருந்தும் அப்படி. எல்லா முறிவும் கைவிட வேண்டியதல்ல. விரிசலோ நேர்த்தியான பிளவோ என்றால் திருகாணி போட்டு மீண்டும் ஓடிய குதிரைகளும் உண்டு. தார்ச் சாலையில் நொறுங்கித் தோலைக் கிழித்து வந்த எலும்பு அந்த வகை அல்ல.

இங்கே என் எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். குதிரை வாங்கப் போகிறவர்கள் நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி என்று அரை மணி நேரம் சுழி பார்க்கிறார்கள். சுழி என்பது மயிர் முளைத்த திசை. காலைத் தூக்கிக் குளம்பைத் தொட்டு, சூடு இருக்கிறதா, கணுவுக்குக் கீழே நாடி தெறிக்கிறதா என்று பார்த்தால் காசும் மிஞ்சும், குதிரையும் மிஞ்சும். கலிபோர்னியாவில் சாண்டா அனிடா மைதானத்தில் 2018 டிசம்பரில் தொடங்கிய ஒரே பருவத்தில் 30 குதிரைகள் செத்து ஊரே கொதித்த பிறகுதான், நின்றபடியே காலை ஸ்கேன் செய்யும் கருவி அங்கே வந்தது. நமக்கு அவ்வளவு வேண்டாம். பரிசுப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி ஊருக்கு ஊர் கொண்டுபோகிற எக்ஸ்ரே ஒன்று வாங்கலாம். மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் தூக்கிக் கொடுத்த அழகப்பச் செட்டியாரின் சீமை இது, காரைக்குடிப் பக்கம். இந்த மண்ணில் அறிவியலுக்குக் கொடுப்பது புதுப் பழக்கம் ஒன்றுமில்லை.

கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரி இருந்தது: "ஊசி போட்டப்ப அதுக்கு வலிச்சிருக்குமா?"

வலித்திருக்காதும்மா. அது மிகையளவு மயக்க மருந்து. சில நொடிகளில் நினைவு போய்விடும், அதன் பிறகே இதயம் நிற்கும். வலித்ததெல்லாம் மருத்துவர் வரும்வரை அது மூன்று காலில் நின்றிருந்த நேரத்தில்தான்.