உப்பும் காக்காது, உயரமும் காக்காது

அணு உலை பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றினால் போதும், மறுநாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "புண்ணுக்குப் போடுற அயோடின் மருந்தைப் பால்ல ரெண்டு சொட்டு விட்டுக் குடுத்தேன் டாக்டர், தைராய்டுக்குப் பாதுகாப்புன்னாங்க." தயவுசெய்து நிறுத்துங்கள். அது மேலே பூசுகிற மருந்து. உள்ளே போனால் தொண்டையும் வயிறும் புண்ணாகும். பச்சிளம் குழந்தைக்குத் தோலில் அதிகமாகப் பூசினாலே தைராய்டு மந்தமாகிவிடலாம்.

இன்னும் சிலர் அயோடின் உப்பை நம்பியிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உலை விபத்தில் வெளிவரும் கதிரியக்க அயோடின் தைராய்டில் ஏறாமல் தடுக்கப் பெரியவர்களுக்குத் தருவது 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை. அதில் அயோடின் 100 மில்லிகிராம். கடை உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் ஒரு மாத்திரைக்கு ஈடாக ஆறரைக் கிலோவுக்கு மேல் உப்புத் தின்ன வேண்டும். சின்னக் குழந்தைக்குச் சில ஸ்பூன் உப்பே உயிருக்கு ஆபத்து. மாத்திரையும் அரசு சொல்லும் நேரத்தில் மட்டுமே. ஒரு மாத்திரை சுமார் ஒரு நாள்தான் தாங்கும். விபத்தில் வெளிவரும் இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியத்தை அது தடுக்கவே தடுக்காது.

எல்லாவற்றையும்விடக் கோபம் வருவது, "நாம 7,000 அடி உயரத்துல இருக்கோம், இங்க எதுவும் வராது" என்ற பேச்சைக் கேட்டால்தான். தூரம் ஓரளவு காக்கும், உயரம் காக்காது. கொடைக்கானலுக்கும் கூடங்குளத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 230 கி.மீ. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் உலை வெடித்தது. அடுத்த சில நாளில், வடகிழக்கே 200 கி.மீ. வாக்கில் மழை பெய்த இடங்களில் சீசியம் திட்டுத்திட்டாக இறங்கியது. பிரிட்டனில் வேல்ஸ், கம்ப்ரியா மலைகளில் மேய்ந்த செம்மறி ஆடுகளை விற்க 2012 வரை கட்டுப்பாடு இருந்தது. முதல் காரணம் மழை, இரண்டாவது மண். களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். மட்கு மிகுந்த ஈரமான அமில மண் பிடிக்காது. வேர் வழியே புல்லுக்கு, புல்லிலிருந்து ஆட்டுக்கு என்று ஆண்டுக்கணக்கில் சுற்றும். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா பக்கம் பள்ளங்களில் கறுப்பாக, மிதித்தால் பொதக்கென்று உள்வாங்குகிறதே, அதே இன மண்தான்.

கூடங்குளம் செர்னோபில் இல்லை. அங்கே கதிரியக்கம் வெளியேறாமல் தடுக்கும் இரட்டைக் காப்புக் கட்டடம் இருக்கிறது, மின்சாரம் இல்லாமலே காற்றால் வெப்பத்தை எடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. எந்த உலையும் அணுகுண்டு மாதிரி வெடிக்காது. அணைத்த பிறகும் ஆறாத சூடுதான் கவலை. 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலையில், நிறுத்தி ஒரு நாள் ஆன பிறகும் சுமார் 15 மெகாவாட் மிச்சம் இருக்கும். மணிக்கு இருபது டன் தண்ணீரை ஆவியாக்க அது போதும். கோடையில் ஊட்டித் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியில் மணிக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2011-இல் புகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் நிலநடுக்கம் வந்ததும் ஒழுங்காகவே நின்றன. சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது, தண்ணீர் ஏற்ற வழியில்லாமல் போனது.

அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலில் உலை சிறியது, சுற்றிலும் கடல். ஆனால் தடித்த காப்புக் கட்டடத்துக்கு அங்கே இடம் ஏது? சோவியத் நீர்மூழ்கி கே-431, 1985 ஆகஸ்ட் 10 அன்று கரையோரம் கட்டிக் கிடந்தபோது, எரிபொருள் மாற்றும் வேலையில் உலை மூடியைத் தூக்கியதில் பிசகி வெடித்தது. பத்துப் பேர் இறந்தார்கள்.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது பாலை. செர்னோபில் பகுதிக் குழந்தைகளிடம் தைராய்டு புற்றுநோய் கூடியதில் பெரும்பங்கு, புல் மேய்ந்த மாட்டுப் பாலுக்குத்தான். உலை விபத்து என்று அரசு அறிவிப்பு வந்தால் மாட்டைத் தொழுவத்தில் கட்டுங்கள். மூடி வைத்த வைக்கோல், தவிடு, மூடிய தொட்டித் தண்ணீர் மட்டும் வையுங்கள். மேய்ந்த மாட்டுப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். எத்தனை முறை பொங்கக் காய்ச்சினாலும் அயோடின் போகாது. முன்பே வாங்கி வைத்த பால்பவுடர் போதும். அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும், எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். தோட்டத்துக் கீரையும் ஓடைத் தண்ணீரும் அதிகாரிகள் சோதித்துச் சொல்லும்வரை வேண்டாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது.

கதவு, சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கச் சொல்வார்கள். சாத்திய அறைக்குள் குளிருக்குக் கரி மூட்டிக் கணப்பு வைத்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, குடும்பத்தையே கொல்ல ஓர் இரவு போதும். கூட ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுங்கள்.