விண்டேஜும் பத்தாம்பசலியும்

'விண்டேஜ் வாழ்க்கைமுறையை நாடும் இளைஞர்கள்' என்று வர வேண்டிய இடத்தில் 'பழமைவாத வாழ்க்கையை நாடும் இளைஞர்கள்' என்று எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஒருவர் எழுதினால் கைத்தவறு என்று விடலாம். செய்தி, விளம்பரம், யூடியூப் தலைப்பு என்று எங்கே பார்த்தாலும் இதே கூத்து.

'விண்டேஜ்' என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பு சுருக்கமானது. லத்தீனில் 'வினும்' என்றால் திராட்சை மது, 'தெமெரே' என்றால் எடுத்தல். இரண்டும் சேர்ந்த 'விந்தேமியா' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. முதலில் திராட்சை அறுவடை. பிறகு இன்ன ஆண்டு விளைந்த பழத்தின் மது. அப்புறம், இன்ன காலத்தில் செய்த நல்ல சரக்கு. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தச் சொல் பிறந்தே இருக்காது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை இங்கே வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் தொங்கும். கவாத்து செய்தால் ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம். இது எந்த வருஷத்துப் பழம் என்று கேட்டால் தோட்டக்காரர் சிரிப்பார்.

சரி, பழமைவாதத்துக்கு வருவோம். அது கொள்கை. சாதி, சடங்கு, பெண்கள் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றிய பிடிவாதம். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் தாத்தாவின் எச்.எம்.டி. கடிகாரத்துக்குத் தினமும் காலையில் சாவி கொடுத்துத்தான் கையில் கட்டுவான். வாரும் தாத்தா காலத்து வார்தான், ஓரம் பிரிந்து, வியர்வைக் கறையோடு. பாட்டு கேட்பது டேப் ரெக்கார்டரில். குமுளிக்குப் போவது பழைய எஸ்டி பைக்கில். சாதி பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டவன் அவன். அதை எதிர்த்துக் குதித்த பெரியப்பா கையில் இருந்தது ஸ்மார்ட் வாட்ச். இதில் பழமைவாதி யார்? வெளிநாட்டில் விண்டேஜ் பிரியர்கள், 'பாணிதான் பழசு, கொள்கை அல்ல' என்று ஒரு முழக்கமே வைத்திருக்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதை எப்படித் தமிழாக்குவார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

'பழங்கால' என்பதும் ஒட்டாது. பழங்கால நாணயம் என்றால் சோழர் காசுதான் கண்ணில் வரும். 'தொன்மை' அதைவிட மோசம். 1970-களின் பெல்பாட்டம் 'தொன்மையான கால்சட்டை' ஆகிவிடும், கீழடியில் தோண்டி எடுத்ததைப் போல.

வேடிக்கை என்னவென்றால், அறுவடை ஆண்டிலிருந்து பழசுக்குப் பெயர் வந்த சொல் நம்மிடமே இருக்கிறது: பத்தாம்பசலி. 'பசலி' அரபியிலிருந்து வந்தது, அறுவடையை ஒட்டிய வருவாய் ஆண்டு. ஜூலை 1-ஆம் தேதி பிறக்கும். 2024 ஜூலையில் பிறந்தது 1434-ஆம் பசலி. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டில் இன்றும் அந்தக் கணக்குதான். பத்தாம் பசலியிலேயே நின்றுவிட்டவன் பத்தாம்பசலி. பிறந்த விதம் ஒன்றுதான். அங்கே பாராட்டாகிவிட்டது, இங்கே திட்டாகிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் 'பழஞ்சன்' என்பதும் கேலிதான். ஆகவே அந்த இரண்டும் உதவாது.

நான் சொல்வது 'அந்தக்காலத்து'. அந்தக்காலத்துக் கடிகாரம், அந்தக்காலப் பாணி, அந்தக்காலப் பாணியில் வாழ்கிற பிள்ளைகள். வீட்டில் யாராவது ஒருவருக்கு நினைவிருக்கும் காலம் என்ற பொருள் அதில் தானாகவே வந்துவிடுகிறது. வேறு எந்தச் சொல்லிலும் அது இல்லை. 'காலம்' வடசொல் ஆயிற்றே என்று தனித்தமிழ் அன்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அவர்கள் புதிதாக ஒன்றை உருட்டிக் கொடுப்பதற்குள் 'விண்டேஜ் ரஜினி' பட்டிதொட்டியெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்று செய்து அன்று செய்ததுபோல் காட்டுவது ரெட்ரோ. அதற்குப் 'பழம்பாணி' போதும். மதுவுக்கு 'விளைச்சல் ஆண்டு'. கார் விஷயத்தில் மட்டும் விண்டேஜை அப்படியே விட்டுவிடலாம். அங்கே அது கலைச்சொல். பிரிட்டிஷ் வழக்கில் 1919 முதல் 1930 வரை செய்த வண்டிகளைக் குறிக்கும். 2014 வரை உற்பத்தியான அம்பாசிடரை அந்த வரிசையில் நிறுத்தி எழுதுகிறார்களே, அவர்களிடம் முதலில் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.