தேயிலை புளிக்கிறதா, சிவக்கிறதா?

மலையகத்துத் தேயிலைப் பெக்டரிகளில், கொழுந்தை முறுக்கிக் கசக்கும் ரோலர் நிற்கும் இடத்தை ஒட்டி ஈரமும் குளிருமாக ஓர் அறை இருக்கும். ‘பெர்மென்டிங் ரூம்’ என்பது அதன் பெயர். பள்ளியில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை அதைக் கேட்டதும் ‘நொதித்தல் அறை’ என்று மொழிபெயர்த்து, மதுவம், அற்ககோல், காபனீரொட்சைட்டு என்று பாடநூலில் படித்ததையெல்லாம் தேயிலையோடு பொருத்திப் பார்க்கும். பொருந்தாது. அங்கே நடப்பது ஒக்ஸிடேஷன், அதாவது ஒட்சியேற்றம்.

இரவில் கரைத்து வைத்த தோசைமா விடியும்போது பொங்கி நிற்பதும், கித்துள் பாளையில் இறங்கிய இனிப்புச் சாறு வெயில் ஏறுவதற்குள் கள்ளாவதும்தான் பெர்மென்டேஷன். பற்றீரியாவோ மதுவமோ சீனியைத் தின்று அமிலத்தையோ அற்ககோலையோ வெளியே விடுகின்றன. இதற்குக் காற்று தேவையில்லை; 19ஆம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் இதைக் ‘காற்றில்லாத வாழ்வு’ என்றே வர்ணித்தார். ஒக்ஸிடேஷனுக்கோ உயிரே வேண்டியதில்லை. ஒரு பொருள் இலத்திரனை இழந்தால் அது ஒட்சியேற்றம். தேயிலையில் அந்த இலத்திரனை வாங்கிக்கொள்வது காற்றிலுள்ள ஒட்சிசன். காற்றை நிறுத்தினால் வேலையும் நின்றுவிடும்.

இதை அடுப்படியிலேயே பார்க்கலாம். ஓர் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். மற்றதை மேசையில் வையுங்கள். மேசையில் இருப்பது கொஞ்ச நேரத்தில் பழுப்பேறும். தண்ணீருக்குள் இருப்பது வெள்ளையாகவே கிடக்கும், ஏனென்றால் அதற்கு ஒட்சிசன் போதவில்லை. கிழங்கைக் கறுக்க வைக்கும் பொலிபீனோல் ஒக்ஸிடேஸ் என்ற செம்பு கலந்த நொதியம்தான் (கலத்துக்குள் இரசாயன மாற்றங்களை விரைவாக்கும் புரதம்) கொழுந்தையும் சிவக்க வைக்கிறது.

செடியில் நிற்கும் கொழுந்து ஏன் சிவப்பதில்லை? கேட்டெச்சின் என்ற துவர்ப்புப் பொருள் கலத்தின் புன்வெற்றிடத்துக்குள், அதாவது சாறு நிறைந்த பைக்குள், அடைந்து கிடக்கிறது. நொதியம் அதற்கு வெளியே இருக்கிறது. நடுவில் மெல்லிய மென்சவ்வு. அந்தச் சவ்வைக் கிழிப்பதுதான் ரோலரின் வேலை. அதற்கு முன்பு 12 முதல் 18 மணித்தியாலம் வரை கொழுந்தை வாட்டி, நூற்றுக்கு 75 முதல் 80 வரை இருந்த ஈரத்தை ஏறக்குறைய 55க்குக் கொண்டுவருவார்கள். வாடாத கொழுந்தை ரோலரில் போட்டால் முறுகாமல் நொறுங்கும், சாறும் வழிந்து வீணாகும்.

ரோலரில் இருந்து வரும் தூளைச் சலித்து, தட்டிலோ மேசையிலோ சுமார் 2 அங்குலக் கனத்துக்குப் பரப்புவார்கள். அறையில் 20 முதல் 25 பாகை செல்சியஸ் இருந்தால் நல்லது. காற்றில் ஈரப்பதன் நூற்றுக்கு 95 அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்தூள் உலர்ந்து கறுத்துப்போகும். முதல் ரோலிங் தொடங்கியதிலிருந்து எண்ணினால் 2 முதல் 3 மணித்தியாலம். முதலில் தியாஃபிளேவின் உண்டாகிறது. தேத்தண்ணிக்குப் பளபளப்பையும் நாக்கில் அந்தச் சுறுசுறுப்பையும் கொடுப்பது அதுதான். பிறகு நிறத்தையும் கனத்தையும் தரும் தியாரூபிஜின் பெருகுகிறது. நேரம் கடந்தால் தியாஃபிளேவின் குறைந்துகொண்டே போகும்; சாயம் கறுப்பாக இருக்கும், உயிர் இருக்காது. நேரம் போதாவிட்டால் பச்சை வாடையும் கசப்பும். நுவரெலியா போன்ற உயரத்தில் குளிர் இந்த வேலையை மெதுவாக்குவதால் சரியான நிமிடத்தைப் பிடிப்பது சுலபம். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை, வறண்ட கச்சான் காற்றில் கொழுந்து நன்றாக வாடும் காலத்தில், வேண்டுமென்றே நேரத்தைக் குறைத்து வாசனையைக் காப்பாற்றுவார்கள். கடைசியில் டிரையரின் சூடு நொதியத்தை அழித்து எல்லாவற்றையும் நிறுத்துகிறது. கிறீன் டீக்கு இந்தச் சூடு முதலிலேயே கொடுக்கப்படுகிறது, அதனால்தான் அது பச்சையாகவே நிற்கிறது.

பெயரை நம்பித் தூளைப் புளிக்க வைப்பது போல நடத்தினால்தான் ஆபத்து. தோசைமாவை மூடி, சூட்டோடு, ஒரே குவியலாக வைக்க வேண்டும். தூளுக்கு நேர்மாறு: பரப்ப வேண்டும், திறந்து விட வேண்டும், குளிர்விக்க வேண்டும். கனமாகக் குவித்தால் நடுவில் ஒட்சிசன் எட்டாது, உள்சூடும் ஏறும். கழுவாத தட்டில் ஒட்டிய பழைய சாறில் பற்றீரியா வளர்ந்து புளிச்ச வாடை கிளம்பும். அப்போது அந்த அறையில் உண்மையிலேயே பெர்மென்டேஷன் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், தேயிலை கெட்டுவிட்டது என்றும் அர்த்தம். பெக்டரியில் தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் நல்ல டீமேக்கருக்கு இதை மூக்கே சொல்லிவிடும்: சரியான தூளில் பழ வாசனை வரும்.

இந்தப் பெயரை வைத்தவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. நொதியத்துக்கு ‘என்சைம்’ என்ற பெயரை ஜெர்மன் விஞ்ஞானி வில்ஹெல்ம் கூன 1877இல்தான் வெளியிட்டார்; இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1867இல். அன்றைக்கு நொதியத்தையும் ‘பெர்மென்ட்’ என்றே அழைத்தார்கள். கறுப்புத் தேயிலைக்கான ஐ.எஸ்.ஓ. 3720 தரம் இந்தப் படியை ‘எயரேஷன்’, காற்றேற்றம், என்கிறது. மூன்று சொற்களில் எனக்குப் பிடித்தது இதுதான். என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இந்த வேறுபாடு மலையிலேயே தொடங்கிவிடுகிறது. பறித்த கொழுந்து சாக்குக்குள்ளும் சுவாசித்துக்கொண்டே இருக்கும், சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். சாக்கை அமுக்கி நிரப்பி வெயிலில் போட்டால், மேலே ஆள் உட்கார்ந்தால், கசங்கிய இலையின் சவ்வு ரோலருக்குப் போகும் முன்பே கிழிந்துவிடும். 35 பாகையைத் தாண்டும் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சாக்கைக் கொட்டும்போது இடையிடையே செம்புநிற இலை தெரியும். அந்த இலையை எந்த ரோலராலும் திருத்த முடியாது. சாக்கை இளக்கமாக நிரப்பி, நிழலில் வைத்து, தாமதிக்காமல் லொறியில் ஏற்றினால் கொழுந்து பெக்டரிக்குப் பச்சையாகவே வந்து சேரும்.