குழந்தை காணவில்லை: கையில் கிடைத்தது சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா?

நாலரைக்கு வீடு திரும்ப வேண்டிய பிள்ளை ஏழு மணிக்கும் வரவில்லை. டியூஷன், மைதானம், சித்தப்பா வீடு என்று எல்லா இடத்திலும் தேடியாகிவிட்டது. எட்டு மணிக்குக் காவல் நிலைய வாசலில் நிற்கும் பெற்றோருக்குக் கிடைக்கும் பதில் பல நேரங்களில் இதுதான்: "எங்கயாவது கோவிச்சிக்கிட்டுப் போயிருப்பான். இருபத்திநாலு மணி நேரம் பாருங்க, வரலைன்னா காலையில வாங்க."

அந்த 24 மணி நேரம் எந்தச் சட்டத்திலும் கிடையாது. சட்டத்தில் இருக்கும் 24 மணி நேரம் இதற்கு நேர் எதிரானது. துணையின்றித் தனியாக நிற்கும் குழந்தையைப் பார்த்தவர் அத்தனை மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு. மீட்ட குழந்தையை, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தவும் அதே 24 மணி நேரம்தான் கெடு. பெற்றோரைக் காத்திருக்கச் சொல்லும் கெடு என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு மணி நேரமாகக் காணவில்லை என்றாலும் புகார் கொடுக்கலாம்.

அடுத்த தடை இன்னும் நுட்பமானது. புகாரை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது தருவார்கள். அதில் எண் இருக்கும், முத்திரை இருக்கும், பெற்றோரும் "கம்ப்ளெயின்ட் ஃபைல் ஆகிவிட்டது" என்று நம்பிக் கிளம்பிவிடுவார்கள். அது சி.எஸ்.ஆர். மனு வந்தது என்பதற்கான ஒப்புகை மட்டுமே. அதை வைத்து வழக்கு எண் வராது, நீதிமன்றத்துக்கு நகல் போகாது, புலன்விசாரணை தொடங்காது. குழந்தை காணாமல் போன விஷயத்தில் சி.எஸ்.ஆரோடு நிறுத்திக்கொள்ள நிலையத்துக்கு அதிகாரம் இல்லை. கையில் இருக்க வேண்டியது முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். அதன் நகல் புகார்தாரருக்கு உடனடியாக, இலவசமாகத் தரப்பட வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவே சொல்கிறது.

இதற்கு அடிப்படை உச்ச நீதிமன்றம் 2013 மே 10 அன்று பச்பன் பச்சாவோ ஆந்தோலன் வழக்கில் போட்ட உத்தரவு. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவர் எங்கே இருக்கிறார் என்று பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ தெரியவில்லையென்றால், காரணம் எதுவாக இருந்தாலும், அவர் காணாமல் போன குழந்தை. புகார் வந்ததும் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும்; கடத்தல் அல்லது ஆள் வணிகம் நடந்திருக்கிறது என்ற அனுமானத்தோடுதான் விசாரணையைத் தொடங்க வேண்டும். "காரணம் எதுவாக இருந்தாலும்" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்க் குறைந்தது, அப்பா அடித்தார், காதல் என்று எந்தக் காரணமும் வழக்குப் பதியாமல் இருக்க நியாயமாகாது. இத்தகைய புகார்களில் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று அதே ஆண்டு நவம்பர் 12 அன்று அரசியல் சாசன அமர்வு தந்த லலிதா குமாரி தீர்ப்பும், கடத்தப்பட்ட சிறுமியின் தந்தை கொடுத்த புகாரைப் போலீஸ் பதியாமல் விட்டதிலிருந்து பிறந்ததுதான்.

எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்ததும் மூன்று இடங்களை அங்கேயே நின்று படியுங்கள். முதலாவது, சட்டமும் பிரிவும் எழுதும் இரண்டாவது பத்தி. தமிழ்நாட்டில் பல காலமாக அங்கே "கேர்ள் மிஸ்ஸிங்", "பாய் மிஸ்ஸிங்" என்று மட்டும் எழுதும் பழக்கம் உண்டு. அது குற்றப் பிரிவே இல்லை. குற்றம் என்று ஒன்று எழுதப்படாத காகிதத்தை வைத்துக்கொண்டு யாரைத் தேடி விசாரிப்பது? அங்கே இருக்க வேண்டியது கடத்தலுக்கான பிரிவு: புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 137(2). பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 363. அடுத்தது, நிலையத்துக்குத் தகவல் வந்த தேதியும் நேரமும். இரவு எட்டு மணிக்குப் போனவருக்கு மறுநாள் பதினோரு மணி என்று எழுதியிருந்தால், நடுவே போன பதினைந்து மணி நேரத்துக்கு யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடும். மூன்றாவது, புகார் தரத் தாமதமானதற்குக் காரணம் கேட்கும் பத்தி. "காலையில் வாருங்கள்" என்று அனுப்பியது நிலையம். தாமதம் விழுவது பெற்றோர் கணக்கில். ஆகவே புகாரிலேயே "நேற்று இரவு 8.10-க்கு நிலையத்துக்கு வந்தேன், காலையில் வரும்படி சொன்னார்கள்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

புகாரை எழுதும்போது இன்னொரு கண்ணியும் உண்டு. அருகில் இருக்கும் யாராவது சொல்லச் சொல்ல, "என் மகள் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறிவிட்டாள், கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்துவிடுவார்கள். வீட்டில் சண்டை நடந்திருந்தால் அதை மறைக்கக் கூடாது, எழுதத்தான் வேண்டும். ஆனால் அதனால்தான் போனாள் என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம் இல்லை, உங்கள் ஊகம். "காலையில் வாக்குவாதம் நடந்தது. மாலை 4.40-க்குப் பள்ளி வாசலில் தோழிகள் பார்த்திருக்கிறார்கள். அதன்பின் எங்கே என்று தெரியவில்லை" என்பதோடு நிறுத்துங்கள். யார் மேலாவது சந்தேகம் இருந்தால் பெயர், தொலைபேசி எண், ஏன் சந்தேகம் என்ற மூன்றையும் எழுதுங்கள். ஊர்ப்பேச்சுக்குப் பயந்து அந்தப் பெயரை விட்டுவிட்டு, பத்து நாள் கழித்துச் சொல்பவர்கள் நிறைய. அதற்குள் அந்த எண் அணைந்திருக்கும்.

பதின்வயதுப் பெண் என்றால் "ஓடிப்போனது, கேஸ் நிற்காது" என்பார்கள். தானாகப் போனாளா, அழைத்துப் போனார்களா என்ற வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1964-லேயே வரதராஜன் எதிர் சென்னை மாநிலம் வழக்கில் பேசியிருக்கிறது, உண்மை. ஆனால் அது விசாரணை முடிந்து, சாட்சியங்களைப் பார்த்து, குற்றம் நிரூபணமானதா என்று நீதிமன்றம் முடிவு செய்யும் கட்டத்துக்கு உரிய கேள்வி. வழக்குப் பதியும் மேசைக்கு அது வரக் கூடாது. பையன்கள் விஷயத்திலும் ஒரு பழைய பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில் பாதுகாவலரிடமிருந்து கடத்தல் என்பதற்கு ஆண் பிள்ளைக்கு 16, பெண் பிள்ளைக்கு 18 என்று வயது வேறாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் குழந்தை என்றால் 18-க்குக் கீழ் யாராக இருந்தாலும்தான். பதினேழு வயதுப் பையனைக் காணவில்லை என்று போகிறவரை "பெரிய பையன்தானே" என்று திருப்பி அனுப்ப இப்போது அந்தச் சாக்கும் இல்லை.

இப்போது புதிதாகச் சொல்லப்படும் காரணம், "முதலில் பூர்வாங்க விசாரணை செய்வோம், 14 நாள் அவகாசம் இருக்கிறது." நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) அப்படி ஒரு வழி தருகிறது என்பது சரிதான். ஆனால் அது மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு. 137(2)-இல் தண்டனை ஏழு ஆண்டு வரை நீளலாம். அதனால் அந்த வரம்புக்குள் அது வராது. துணைக் கண்காணிப்பாளரின் அனுமதி இல்லாமல் அந்த வழியில் போகவும் முடியாது. இதை நிலையத்தில் நின்று வாதாட வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்.

"சம்பவம் எங்க லிமிட் இல்ல" என்பதும் செல்லாது. குழந்தை கடைசியாகப் பஸ் ஏறியது வேறு நிலைய எல்லையில் என்றாலும் நீங்கள் நிற்கும் நிலையத்திலேயே ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு, அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் தகவல் தரலாம். மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தை நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாமல். யார் அவர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வழக்குப் பதிந்ததும் அவருக்கும் மாவட்டச் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கும் தகவல் போக வேண்டும். அதன்பின் போலீஸ் செய்ய வேண்டியவற்றை இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகளின் 92-ஆம் விதி விலாவாரியாகச் சொல்கிறது: புகைப்படத்தை இணையதளத்தில் ஏற்றுவது, தேடுதல் அறிவிப்பு அச்சிட்டு ரயில் நிலையம், பேருந்து நிலையங்களில் ஒட்டுவது, சி.சி.டி.வி. பார்ப்பது, மருத்துவமனைகள், கட்டுமான இடங்கள், ஆளில்லாத கட்டடங்களில் விசாரிப்பது, எஃப்.ஐ.ஆர். நகலைப் பெற்றோரின் தொலைபேசி எண்ணோடு சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புவது. இந்தக் கடைசி வேலை பெரும்பாலும் விடுபட்டுவிடும். நீங்களே ஒரு நகலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அவர்களின் உதவி எண் 15100. குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் அங்கே இலவச வழக்கறிஞர் உண்டு.

நீங்கள் கையோடு கொண்டுபோக வேண்டியவற்றில் மிக அதிகமாகப் பிழையாவது புகைப்படம். கல்யாண ஆல்பத்தில் மேக்கப்போடு எடுத்த படத்தையோ, ஃபில்டர் போட்ட செல்ஃபியையோ தருவார்கள். கடந்த ஆறு மாதத்தில் எடுத்த, முகம் நேராகத் தெரியும் படம் ஒன்று, முழு உருவப் படம் ஒன்று வேண்டும். காணாமல் போன அன்று போட்டிருந்த உடையையும் செருப்பையும் நிறத்தோடு எழுதித் தாருங்கள். தழும்பு, மச்சம், பல் வரிசை, திக்குவாய், தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரை எல்லாம் தேடுபவருக்கு உதவும். வயதுக்குப் பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ போதும். பிள்ளையின் போன் எண்ணோடு பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் வேண்டும்; சிம்மை மாற்றினாலும் கருவியை அதை வைத்துத்தான் பிடிப்பார்கள். இன்ஸ்டாகிராம் கணக்கு, ஆன்லைன் விளையாட்டில் வைத்திருக்கும் பெயர் ஆகியவற்றை நண்பர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு லேப்டாப்பில் அந்தக் கணக்குகள் திறந்திருந்தால் எதையும் அழிக்காதீர்கள், யாருக்கும் பதில் அனுப்பாதீர்கள், அப்படியே காட்டுங்கள்.

சி.சி.டி.வி.க்கு நேரம்தான் எதிரி. கடைக் கேமராக்களில் நினைவகம் நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். சில இடங்களில் சில நாள்தான் தங்கும். எந்தெந்தக் கடையில் எந்தத் திசை பார்த்துக் கேமரா இருக்கிறது என்று தெருவில் நடந்து ஒரு பட்டியல் எடுத்து விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். கடைக்காரரிடம் அழிக்காமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பதிவை முறைப்படி எடுப்பது போலீஸின் வேலை. நீங்கள் செல்போனில் திரையைப் படம் பிடித்தது பின்னால் சாட்சியமாக நிற்பது கடினம்.

வழக்கே பதிய மறுத்தால் அங்கேயே நின்று அவசர உதவி எண் 112-க்கு அழையுங்கள். அழைத்த நேரம் பதிவாகும். குழந்தைகள் உதவி எண் 1098-லும் சொல்லுங்கள். பிள்ளை ரயில் ஏறியிருக்கலாம் என்றால் ரயில்வே உதவி எண் 139-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றே புகாரின் நகலை மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் ஆணையர் அலுவலகத்துக்கு, விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இது 173(4)-இன் கீழ் ஒரு படி. இந்தப் படியைத் தாண்டாமல் நேராக நீதித்துறை நடுவரிடம் போனால், விசாரணைக்கு உத்தரவிடக் கேட்கும் 175(3) மனு அங்கேயே தடுமாறும். பலர் எடுத்த எடுப்பில் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட நினைக்கிறார்கள். யாரோ சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று காட்ட முடிந்தால் அது வலுவான ஆயுதம். அப்படி எதுவும் காட்ட முடியாத நிலையில், விசாரணையைச் சட்டப்படி நடத்தக் கேட்கும் வழக்கமான வழிக்கே அனுப்பப்பட வாய்ப்பு அதிகம். எது பொருந்தும் என்று இலவசச் சட்ட உதவி வழக்கறிஞரிடம் முதலில் கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். தேதியிலிருந்து நாட்காட்டியில் இரண்டு நாட்களைக் குறித்து வையுங்கள். 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193(3). நான்கு மாதம் ஆகியும் குழந்தை கிடைக்கவில்லையென்றால் விசாரணை ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற வேண்டும். அந்தப் பிரிவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். சி.எஸ்.ஆரோடு வீட்டுக்குப் போனவருக்கு இந்த நான்கு மாதம் தொடங்குவதே இல்லை. முதல் காகிதத்தில் இவ்வளவு பிடிவாதம் தேவைப்படுவது அதனால்தான். நான்கு மாதம் முடிந்த மறுநாள், மாற்றப்பட்டதா என்று எழுத்தில் கேட்டுக் கடிதம் கொடுங்கள். தானாக நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

குழந்தை கிடைத்துவிட்டால் நிலையத்திலேயே ஒரு வெள்ளைத் தாளில் "எங்கள் பிள்ளை வந்துவிட்டான், மேல் நடவடிக்கை வேண்டாம்" என்று எழுதி வாங்கி, "மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்" (தகவல் பிழை) என்று கோப்பை மூடும் வழக்கம் இருக்கிறது. அந்தத் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். எங்கே இருந்தான், யார் அழைத்துப் போனது, வேலை வாங்கினார்களா, கூலி கொடுத்தார்களா, உடம்பில் யாராவது கை வைத்தார்களா என்பதெல்லாம் அங்கேதான் பயமில்லாமல் வெளியே வரும். செங்கல் சூளையிலோ ஆடு மேய்க்கும் இடத்திலோ ஆறு மாதம் வைத்திருந்தால் அது ஆள் வணிகக் குற்றமாகவும் ஆகலாம். பாலியல் சீண்டல் என்றால் போக்சோ. தேவைப்பட்டால் நடுவர் முன் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆம் பிரிவின் கீழ் வாக்குமூலம் பதியக் கேட்கலாம். அதே ஆளிடம் இன்னும் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது உங்கள் பிள்ளையின் வாக்குமூலத்தில் இருக்கக்கூடும். பிள்ளை பேச நாள் எடுத்துக்கொள்வான், முதல் நாளே துருவாதீர்கள்.

தனியாக நிற்கும் குழந்தையைப் பார்ப்பவருக்கும் கடமை உண்டு. 1098, பக்கத்துக் காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இவற்றில் ஏதாவது ஒன்றுக்குச் சொன்னால் போதும். பாவம் என்று வீட்டில் வைத்துச் சோறு போட்டு, தகவல் சொல்லாமல் இருந்தாலும் அது குற்றம்தான். ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

தேடும்போது வாட்ஸ்ஆப்பில் பரப்பிய படத்தை, பிள்ளை கிடைத்த அன்றே "கிடைத்துவிட்டான், இனி பகிர வேண்டாம்" என்று எல்லாக் குழுக்களிலும் போட்டு நீக்கச் சொல்லுங்கள். மீட்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒட்டிய சுவரொட்டிகளையும் கிழித்துவிடுங்கள். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை அதே பஸ் நிறுத்தத்தில் நின்றுதான் பள்ளிக்குப் போக வேண்டும்.