கான்ஃபிக் திரும்பி வரும், டேட்டா வராது

நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட லேப்டாப்புகள் இப்போது கொஞ்சம் அதிகமாகவே கண்ணில் படுகின்றன. சர்வர் நிர்வாகம் என் வேலை என்பதால், "என் கான்ஃபிக்கை ஒருதடவை பார்த்துச் சொல்லுங்களேன்" என்று அமைப்புக் கோப்புகளையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் வைத்திருக்கும் கிட் ரெப்போவைத் திறந்து காட்டுபவர்கள் உண்டு. எந்த மென்பொருள், எந்த சர்வீஸ், எந்த எழுத்துரு என்று எல்லாவற்றையும் கோப்பில் எழுதி ரீபில்ட் கொடுத்தால் கணினி அப்படியே அமைந்துவிடும். ஏதாவது சொதப்பினால் பூட் மெனுவில் பழைய ஜெனரேஷனுக்கு, அதாவது முந்தைய ரீபில்டில் உருவான அமைப்புக்கு, போய்விடலாம். நானும் இதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் இது தரும் தைரியம் சிலரிடம் அளவுக்கு மீறிப் போகிறது.

ரெப்போவில் நான் முதலில் தேடுவது பாஸ்வேர்டை. பெரும்பாலும் சிக்கிவிடும்: வைஃபை பாஸ்வேர்டு, வயர்கார்டு விபிஎன்னின் பிரைவேட் கீ, ஏதாவது ஒரு டோக்கன். "ரெப்போ பிரைவேட்தானே சார்" என்பார்கள். பிரச்சினை அங்கே இல்லை. சர்வீஸ் அமைப்பில் நேரடியாக எழுதிய கீ, ரீபில்டின்போது, எல்லா மென்பொருளும் அமைப்பும் சேரும் நிக்ஸ் ஸ்டோர் அடைவுக்குள் போய்விடும். ஸ்டோரை அந்தக் கணினியில் கணக்கு உள்ள யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ரூட் அனுமதியே வேண்டாம். ஃபிளேக் முறையில் (மென்பொருள் பதிப்புகளை ஒரு லாக் கோப்பில் பூட்டிவைக்கும் முறை) கிட்டில் சேர்த்த கோப்புகள் மொத்தமுமே அங்கே நகலாகும். வரியை அழித்தாலும் பழைய ஜெனரேஷன் அதைப் பிடித்து வைத்திருக்கும். கிட் வரலாற்றிலும் கிடக்கும். ஆகவே பாஸ்வேர்டையே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ரகசியங்களை மறையாக்கம் செய்து வைக்கும் சாப்ஸ்-நிக்ஸ் அல்லது ஏஜ்நிக்ஸுக்கு மாறுங்கள். ரகசியம் ரெப்போவிலும் ஸ்டோரிலும் பூட்டியபடியே இருக்கும், சிஸ்டம் எழும்பும்போதுதான் ரன் (/run) அடைவுக்குள் திறக்கும். இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலர் அந்த மெஷின் தன்னை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீயை மட்டுமே சாவியாக வைக்கிறார்கள். டிஸ்க் போனால் சாவியும் போச்சு. ரெப்போ பத்திரமாக இருந்தும் திறக்க வழியில்லை. இன்னொரு சாவியைச் சேர்த்து அதை வெளியே வைத்திருங்கள்.

பழைய ஜெனரேஷனுக்குப் போனால் எல்லாமே பழையபடி ஆகிவிடும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. திரும்புவது மென்பொருளும் அமைப்பும்தான். ஹோம் அடைவும், சர்வீஸ்கள் டேட்டாவை வைக்கும் வார் (/var) அடைவும் இருந்த இடத்திலேயே, இருந்தபடியே இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் இது பளிச்சென்று தெரியும். புதிய பதிப்பு ஒருதடவை தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுத்து, புது புரொஃபைல் உருவாக்கவா என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் புக்மார்க் எதுவும் இல்லாத காலி உலாவி வரும். பழைய புரொஃபைல் டிஸ்க்கில்தான் இருக்கும், ஆனால் அந்த நேரத்துப் பதற்றத்தில் அது யாருக்குத் தோன்றும்?

இதைவிட மோசமானது கான்ஃபிக்கில் உள்ள ஸ்டேட்வெர்ஷன் வரி. பெயரைப் பார்த்து, வெளியீட்டை மாற்றும்போதெல்லாம் இதையும் ஏற்றிவிடுகிறார்கள். அது முதலில் நிறுவிய வெளியீட்டைக் குறிக்கும் எண். அப்படியே விட வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும் கணினியில் அதை 23.11-லிருந்து 24.11 ஆக்கினால், பதிப்பைத் தனியாகக் குறிப்பிடாதவர்களுக்கு போஸ்ட்கிரெஸ் 15-க்குப் பதில் 16 வந்து நிற்கும். டேட்டா அடைவின் பெயரில் பதிப்பு எண் இருப்பதால் புதிய அடைவு காலியாகத் தொடங்கும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. டேபிள்கள் மட்டும் காணாமல் போனதுபோல் இருக்கும். எண்ணைப் பழையபடி வைத்தால் பழைய அடைவு மறுபடி வரும், அதற்குள் புதியதில் எழுதிய விவரங்கள் அங்கேயே தங்கிவிடும். கான்ஃபிக் கிட்டில் இருக்கிறது என்பதற்காக ஹோம், வார் அடைவுகளின் பேக்கப்பை யாரும் விட்டுவிடக் கூடாது என்று நான் நச்சரிப்பது இதனால்தான். ரெஸ்டிக், போர்க் (Borg) என்று எந்தப் பேக்கப் கருவி கைக்கு வருகிறதோ அது போதும்.

பூட் பகிர்வைப் (பார்ட்டிஷன்) பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸ் உருவாக்கிய 100 எம்பி இஎஃப்ஐ பகிர்வில் சிஸ்டம்டி-பூட் என்ற பூட்லோடரைப் போட்டவர்களுக்கு நாலைந்து ஜெனரேஷனிலேயே இடம் தீர்ந்துவிடலாம். எண்ணிக்கைக்கு வரம்பு போட ஒரு வரி இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

கடைசியாக, பதிப்புகளைப் பூட்டும் அந்த லாக் கோப்பு. அது பூட்டியிருக்கும் வரை பாதுகாப்புத் திருத்தங்களும் வராது. வெளியீடுகள் மே, நவம்பரில் வருகின்றன. ஒன்றுக்கு ஆதரவு சுமார் ஏழு மாதம்தான். கான்ஃபிக்கை வாராவாரம் செதுக்குகிறவர்கள்கூட லாக்கைத் தொடாமல், ஓட்டைகள் தெரிந்த பழைய உலாவியில் வங்கிக் கணக்கைத் திறக்கிறார்கள். ஃபிளேக் அப்டேட் கொடுக்கப் பயமாக இருந்தால் பில்ட்-விஎம் என்று ஓட்டி, மெய்நிகர் கணினியில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.