பழைய டர்போ காரும் குமரி மாவட்டக் காற்றும்

தேங்காய்ப்பட்டணம், குளச்சல், சின்னமுட்டம் எனக் குமரி மாவட்டத்து மீன்பிடித் துறைமுகங்களில் விசைப்படகு இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளுக்கு, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ புதிய பொருள் அன்று. லாரிப் பட்டறைகளிலும் அப்படியே. இந்தக் கைப்பழக்கம் மாவட்டத்தின் பெரிய சொத்து. ஆனால் அதே கை, 1970-களிலோ 80-களிலோ வெளிவந்த பெட்ரோல் டர்போ ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வீட்டுக் கொட்டகையில் பிரித்து மேம்படுத்தத் தொடங்கும்போது, டீசலில் கற்ற ஒரு பாடத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். காற்றழுத்தத்தைக் கூட்டினால் சக்தி கூடும் என்பதே அந்தப் பாடம். டீசலில் அது பெரும்பாலும் சரி. பெட்ரோலில் அழுத்தத்தோடு கூடவே வெப்பமும் ஏறி, இன்ஜினை உடைக்கும் எல்லைக்குச் சக்திக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவு முழுவதையும் உறிஞ்சுகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் 6000 லிட்டர், அதாவது நொடிக்கு 100 லிட்டர் காற்று. கடல்மட்டத்தில், 32 டிகிரி வெப்பநிலையில் அதன் எடை ஏறக்குறைய 115 கிராம். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று தேவை என்பதால், நொடிக்குச் சுமார் 8 கிராம் பெட்ரோலுக்கு மேல் அந்த இன்ஜினால் முழுதாக எரிக்க முடியாது. சக்தியை வரையறுப்பது பெட்ரோல் அல்ல, காற்று. அதிலும் காற்றின் அழுத்தமோ கன அளவோ அல்ல, அதன் எடை. டர்போ பற்றிய எல்லாக் குழப்பமும் இந்த ஒரு வேறுபாட்டை மறப்பதில்தான் தொடங்குகிறது.

எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாகச் சைலன்சர் வழியே வெளியேறிவிடுகிறது. அந்தப் புகையின் பாதையில் வைத்த சிறிய டர்பைன் சக்கரம், முப்பந்தலில் காற்றாலையின் இறக்கைகள் காற்றிலிருந்து ஆற்றலைப் பறிப்பதுபோல, அதிலிருந்து ஒரு பங்கைப் பறித்துக்கொள்கிறது. ஒரே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் சக்கரம் அந்த ஆற்றலைக் கொண்டு வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. ஆனால் முப்பந்தல் இறக்கைகளின் நிதானம் இங்கே இல்லை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. பெட்ரோல் இன்ஜினின் புகை முழுச் சுமையில் 900 டிகிரியைத் தொடும்.

இந்த ஏற்பாட்டுக்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி. கப்பல்களின் பெரிய டீசல் இன்ஜின்களில் அது நன்றாக வேரூன்றிய பிறகும் பெட்ரோல் கார்களுக்கு வரத் தயங்கியது. 1962-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உள்ளிழுக்கும் காற்றில் பீய்ச்சி நாக்கிங்கை, அதாவது கலவை முறை வருமுன் தானாக வெடிப்பதை, தடுத்தார்கள். அந்தத் திரவத்தை நிரப்பப் பல உரிமையாளர்கள் மறந்தார்கள். டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டர் பொருத்திக்கொண்டவர்களும் உண்டு. 1973-இல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ வந்தது. 1975-இல் வந்த போர்ஷே 911 டர்போ 3 லிட்டரில் 260 குதிரைத்திறன் தந்தது. ஆனால் அதன் அமுக்க விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது, வெறும் 6.5:1. டர்போ அமுக்கியதை பிஸ்டன் மேலும் அமுக்கும்போது கலவை தானாக வெடித்துவிடாதிருக்கக் கொடுத்த விலை அது. டர்போ விழிக்கும்வரை அந்த இன்ஜின் சோம்பலாக இருந்ததற்கும் இதுவே ஒரு காரணம். 1978-இல் கொள்ளளவை 3.3 லிட்டராக்கி, டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் சேர்த்த பிறகு 300 குதிரைத்திறன் கிடைத்தது. பெரிய நிறுவனத்தின் பொறியாளர்களே அழுத்தத்தைவிடக் குளிர்ச்சியை நம்பித்தான் அடுத்த படியை எடுத்து வைத்தார்கள் என்பதை வீட்டில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டும்.

காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டவருக்கு இது தெரியும். எவ்வளவு சூடாகும் என்பதுதான் கேள்வி. மீட்டரில் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் டர்போ கூட்டிய அழுத்தம், 0.7 பார் என்று காட்டினால், உள்ளே போகும் காற்றின் முழு அழுத்தம் வெளிக்காற்றைப் போல் ஏறக்குறைய 1.7 மடங்கு. கம்ப்ரசரின் திறன் 70 விழுக்காடு என்று கொண்டால், 32 டிகிரியில் உள்ளே நுழையும் நாகர்கோவில் காற்று 103 டிகிரி அளவில் வெளியே வருகிறது. சூடான காற்று விரிந்துவிடுவதால், அழுத்தம் 70 விழுக்காடு கூடியும் அடர்த்தி 38 விழுக்காடுதான் கூடியிருக்கும். அதே காற்றை ஓர் இன்டர்கூலர் வழியாக அனுப்பி 50 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அழுத்தத்தை ஒரு புள்ளிகூட ஏற்றாமலேயே அடர்த்தி உயர்வு 60 விழுக்காடாகிறது. இன்டர்கூலரில் அழுத்தம் சிறிது விழும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இதற்கு ஈடான லாபம் வேறெதிலும் இல்லை.

இதே காரை 12 டிகிரி குளிரில் ஓட்டும் ஐரோப்பியருக்கு, அதே பூஸ்டில், கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று 79 டிகிரிதான் இருக்கும். நமக்கும் அவருக்கும் 24 டிகிரி வித்தியாசம். ஆகவே அங்கே பாதுகாப்பானது என்று நிரூபணமான பூஸ்ட் அளவையும், ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் அப்படியே எடுத்து இங்கே வைப்பது, அளவெடுக்காமல் தைத்த சட்டைகூட அல்ல, அபாயம். இன்னொன்றும் உண்டு. இன்டர்கூலர் குளிர்வது வண்டி ஓடும்போது அதன்மேல் மோதும் காற்றால். ஆரல்வாய்மொழிப் பக்கம் திறந்த சாலையில் அது செவ்வனே வேலை செய்யும்; மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது ரேடியேட்டரின் சூடு முழுவதும் அதில் ஏறிவிடும். பெரிய இன்டர்கூலர் வாங்குவதற்கு முன், இருக்கும் இன்டர்கூலரைச் சுற்றி அலுமினியத் தகடு வைத்து அடைத்து, முன்பக்கத்தில் நுழையும் காற்று இடுக்குகள் வழியே நழுவிப் போகாமல் இன்டர்கூலரின் ஊடாகவே கடக்கும்படி செய்துவிடுவது மலிவான, பலரும் அலட்சியப்படுத்தும் வேலை. கடற்கரையோரம் நிற்கும் கார் என்றால் உப்புக்காற்றில் அதன் மெல்லிய இதழ்கள் வெளுத்து உதிர்ந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

வெப்பம் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது? பெட்ரோல் இன்ஜினில் காற்றும் எரிபொருளும் கலந்தே அமுக்கப்படுகின்றன. ஸ்பார்க் பிளக்கில் தொடங்கிய தீ சீராகப் பரவிவரும்போது, அது இன்னும் எட்டாத மூலையில் இருக்கும் கலவை, தீயின் அழுத்தத்தாலும் தன் சொந்தச் சூட்டாலும், முறை வருவதற்கு முன்பே ஒரேயடியாக வெடிக்கிறது. அதுதான் நாக்கிங். அந்த அதிர்வலை 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸ் அளவில் சிலிண்டருக்குள் மோதி எதிரொலித்து, உலோகத்தின்மேல் படிந்து அதைக் காக்கும் மெல்லிய வாயுப் படலத்தைக் கிழித்துவிடுகிறது. பிஸ்டனின் தலை நேரடியாக வெந்து ஓட்டையாகிறது. டீசல் இன்ஜினிலோ அமுக்கப்படுவது காற்று மட்டுமே. எரிபொருள் கடைசி நேரத்தில்தான் பீய்ச்சப்படுகிறது. முன்கூட்டி வெடிக்க அங்கே எதுவும் இல்லை. அதே அளவு டீசலுக்குக் கூடுதல் காற்று கிடைத்தால் புகை குறைந்து, சூடும் தணிகிறது. படகு மெக்கானிக்கின் அனுபவமும் கார் மெக்கானிக்கின் அச்சமும் முரண்படுவதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். இருவரும் தத்தம் இன்ஜினில் சரியே.

நம் ஈரக்காற்று இதில் ஓர் எதிர்பாராத நண்பன். 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால், காற்றின் கன அளவில் மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல் நீராவி. அவ்வளவு ஆக்சிஜன் கலந்த காற்று இடம் இழப்பதால் சக்தி சிறிது குறைகிறது. ஆனால் நீராவி எரிதலைத் தணிப்பதால் நாக்கிங்கும் குறைகிறது. ஆகவே மழைக்காலத்தில் செய்த டியூனிங்கை, மழை ஓய்ந்து காற்று வறண்ட நாளில் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும்.

எரிபொருளில் வந்திருக்கும் மாற்றம் இதைவிடப் பெரியது. இன்று பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் நாக்கிங்கை எதிர்க்கும். ஆவியாகும்போது பெட்ரோலைவிட அதிக வெப்பத்தை உறிஞ்சிக் காற்றைக் குளிர்விக்கும். டர்போவுக்கு இரண்டும் நல்லவையே. ஆனால் எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அது எரிய எடையில் 9 மடங்கு காற்றே போதும். எத்தனால் கலந்த இந்தப் பெட்ரோலுக்கு இது 13.5 அளவுக்கு வருகிறது. 14.7-க்கு அமைத்த பழைய கே-ஜெட்ரானிக் போன்ற, பெட்ரோலைப் பீய்ச்சும் இயந்திர இன்ஜெக்‌ஷனுக்கு இது தெரியாது. அது பழைய கணக்கிலேயே ஊற்றும். காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவை ஏறக்குறைய 8 விழுக்காடு மெலிந்துபோகும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் குறைந்துவிடும். பூஸ்ட் இல்லாமல் மெதுவாக ஓட்டும்போது இதை யாரும் உணரமாட்டார்கள். முழு பூஸ்டில், கலவை செறிவாக இருந்து சிலிண்டரைக் குளிர்விக்க வேண்டிய அந்தக் கணத்தில், இதே 8 விழுக்காடு பிஸ்டனின் ஆயுளைத் தீர்மானிக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் எத்தனால் அரிப்பதும், ஈரமான காற்றிலிருந்து நீரை இழுத்து டாங்கில் சேர்ப்பதும் தனிக்கதை. நாற்பது ஆண்டு பழைய காருக்கு எரிபொருள் குழாய்களை மாற்றாமல் டர்போவைத் தொடுவது எனக்கு உடன்பாடில்லை.

பூஸ்டைக் கட்டுப்படுத்துவது வேஸ்ட்கேட். கம்ப்ரசரிலிருந்து ஒரு சிறிய ஹோஸ் வழியாக வரும் அழுத்தம் ஸ்பிரிங்கை மீறியதும், வேஸ்ட்கேட் திறந்து, புகையின் ஒரு பகுதியை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடுகிறது. வீட்டில் செய்யும் பூஸ்ட் உயர்த்தல் பெரும்பாலும் இந்த ஹோஸில் ஒரு கசிவு வால்வை வைத்து, வேஸ்ட்கேட்டுக்கு உண்மை அழுத்தத்தைவிடக் குறைவாகச் சொல்லும் தந்திரமே. எளிது, மலிவு. ஆனால் அந்த ஹோஸ் கழன்றாலோ வெடித்தாலோ வேஸ்ட்கேட் திறக்கவே திறக்காது. அழுத்தம் தன் போக்கில் ஏறும். முப்பது ரூபாய் ஹோஸில் ஓர் இன்ஜின் தொங்குகிறது.

எதையும் மாற்றுவதற்கு முன் இருப்பதைச் சரிபார்க்கும் வேலைகளை வீட்டிலேயே செய்யலாம். இன்ஜின் ஆறியபின் காற்றுக் குழாயைக் கழற்றி, கம்ப்ரசர் தண்டின் நுனியை இரு விரலால் பிடித்து அசைக்க வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும். ஓடும்போது எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் தண்டு அது, எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது ஆடுவது இயல்பு. ஆனால் சக்கரம் சுற்றுச்சுவரில் உரசக் கூடாது. உள்ளும் புறமும் இழுத்தால் விரலுக்குத் தெரியும்படி நகரவும் கூடாது. அடுத்து, கம்ப்ரசரின் வாயை ஒரு பி.வி.சி. எண்ட் கேப் கொண்டு அடைத்து, அதில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, ரெகுலேட்டர் வழியாக அரை பார் காற்றை மட்டும் விட்டு, ஒவ்வொரு ஹோஸ் கிளிப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். பழைய காரில் எங்காவது ஒரு மூட்டில் நுரை கொப்பளிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தக் கசிவுகளை அடைத்தாலே, தொலைந்துபோனதாக நினைத்த சக்தியில் பாதி திரும்பிவிடும் கார்கள் உண்டு. எண்ணெய் திரும்பி வடியும் குழாய் பருமனாகவும் சரிவாகவும் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். அது ஈர்ப்பு விசையால் மட்டுமே வடிகிறது. தண்ணீரால் குளிர்விக்கப்படாத பழைய டர்போக்களில், வேகமாக ஓட்டி வந்தவுடன் இன்ஜினை அணைத்தால், தண்டைச் சுற்றி நின்றுபோன எண்ணெய் கருகிக் கரியாகும். வீட்டு வாசலில் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது வீண் செலவல்ல.

பெரிய டர்போ மாட்டும் ஆசை பலருக்கும் வருவது. ஒரே வடிவமுள்ள சக்கரத்தின் விட்டத்தை 20 விழுக்காடு கூட்டினால், அதைச் சுழலவைப்பதற்கு எதிரான நிலைமம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் வளர்ந்து, ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்த பின் காத்திருக்கும் நேரம் நீளும். தக்கலை, களியக்காவிளை வழியே கிலோமீட்டருக்கு ஒரு சந்திப்பும் வளைவுமாகப் போகும் சாலைக்கு இது பொருந்தவே பொருந்தாது.

அளக்காமல் டியூன் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது. புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் வைடுபேண்ட் சென்சார் முதல் செலவாக இருக்கட்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்று விகிதத்தைப் பார்ப்பதைவிட லாம்டா அளவை, அதாவது முழுதாக எரியத் தேவையான காற்றில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதைப் பார்ப்பதே பொருத்தம், முழு பூஸ்டில் அது 0.8-ஐ ஒட்டி நிற்க வேண்டும். இரண்டாவது, இன்டர்கூலருக்குப் பின் ஒரு வெப்பநிலை சென்சார். மூன்றாவது கருவிக்குப் பெரிய செலவில்லை: ஒரு செப்புக் குழாயின் முனையை நசுக்கி, துளையிட்டு, இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கி, மறுமுனையில் ரப்பர் ஹோஸை மாட்டி, காது மூடியோடு இணைத்தால், சாதாரணக் காதுக்கு எட்டாத நாக்கிங்கின் 'டிக்' ஒலி தெளிவாகக் கேட்கும். சந்தேகம் வந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பீங்கானில் பளபளக்கும் நுண்புள்ளிகள் தெரிந்தால் அவை பிஸ்டனின் அலுமினியம்.

முழுச் சுமைச் சோதனையைப் பொதுச் சாலையில் செய்யவே கூடாது. அதற்கு, கார் நின்ற இடத்திலேயே சக்தியை அளக்கும் டைனோ மேடையோ பந்தயத் தடமோ வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும், உச்ச நீதிமன்றம் 2019-இல் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டே ஸ்பேனரை எடுக்க வேண்டும். இவை எல்லாம் சரியான பிறகு, பூஸ்டை 0.1 பார் அளவில் மட்டும் ஏற்றி, ஒவ்வொரு முறையும் இன்டர்கூலருக்குப் பின் உள்ள வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளலாம். முந்தைய படியைவிட வெப்பநிலை திடீரென அதிகமாகத் தாவுமானால், கம்ப்ரசர் தன் நல்ல திறன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள்; அதன் பின் மீட்டர் காட்டும் ஒவ்வொரு புள்ளியும் காற்றின் எடையைவிடச் சூட்டையே கூட்டுவதால், முந்தைய படிக்குத் திரும்பி, கசிவு வால்வை அந்த அளவிலேயே பூட்டிவிடலாம்.