128 எம்பியும் 4 எம்பியும்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் புதிதாக நிறுவினால் 'ஷேர்டு பஃபர்ஸ்' என்ற பொது நினைவகம் 128 எம்பிதான் இருக்கும். சர்வரில் 64 ஜிபி ரேம் இருந்தாலும் அவ்வளவுதான். பார்த்ததும் கை அரிக்கும்: தூக்கி 50 ஜிபி கொடுத்துவிட்டால் என்ன?

டேபிளில் உள்ள தகவல் 8 கேபி பக்கங்களாக வட்டிலிருந்து இந்தப் பஃபருக்கு வருகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. யாராவது தொட்டால் ஒன்று கூடும், அதிகபட்சம் 5. புதுப் பக்கத்துக்கு இடம் தேவைப்படும்போது கடிகார முள் மாதிரி ஒன்று சுற்றி வந்து, போகிற வழியில் பக்கங்களின் மதிப்பெண்ணை ஒவ்வொன்றாகக் குறைக்கும். பூஜ்யத்தில் இருக்கும் பக்கம் வெளியே. அடிக்கடி கேட்கப்படும் பக்கங்கள் தப்பிக்கும்.

ஆனால் வட்டிலிருந்து படிப்பதையெல்லாம் லினக்ஸும் தன் பங்குக்குத் தனியாகச் சேர்த்து வைக்கிறது. ஒரே பக்கம் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ரேமைத் தின்னும். அதனால்தான் மொத்த ரேமில் கால் பங்கிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். நம் சர்வருக்கு 16 ஜிபி. சரி, இது எளிது.

என்னைக் கேட்டால், உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது 'வொர்க் மெம்' என்ற சின்ன அமைப்பு. அதன் தொடக்க அளவு 4 எம்பி. வரிசைப்படுத்தும் வேலை அதற்குள் அடங்காவிட்டால் வட்டில் தற்காலிகக் கோப்பு எழுதி முடிக்கும். ஒரு வினவல் எப்படி ஓடியது என்று காட்டும் 'எக்ஸ்ப்ளெயின் அனலைஸ்' கட்டளையைப் போட்டுப் பார்த்தால் 'எக்ஸ்டர்னல் மெர்ஜ்' என்று காட்டிக்கொடுக்கும். அதைப் பார்த்து 256 எம்பியாக உயர்த்துவோம். ரிப்போர்ட் பறக்கும்.

சிக்கல் என்னவென்றால், இது சர்வர் முழுவதற்குமான அளவு இல்லை. ஒவ்வொரு இணைப்பிலும், ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியாக இவ்வளவு எடுக்கலாம். 100 இணைப்புகள், ஆளுக்கு இரண்டு வரிசைப்படுத்தல்: 50 ஜிபி. பஃபரின் 16-ஐச் சேர்த்தால் 66. இருப்பதோ 64.

சும்மா இருக்கும் இணைப்பு இதை எடுக்காது என்பதால், தனியாளாகச் சோதிக்கும்போது ஒன்றும் தெரியாது. மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ரிப்போர்ட் கேட்கும்போது ரேம் தீர்ந்து, லினக்ஸ் ஏதாவது ஒரு புராசஸைக் கொல்லும். அது போஸ்ட்கிரெஸுடையதாக இருந்தால், ஒன்று செத்ததற்காக மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டுத்தான் போஸ்ட்கிரெஸ் மறுபடி எழும்.

பொது அளவைச் சின்னதாகவே விட்டுவிடுங்கள். கனமான அந்த ஒரு ரிப்போர்ட்டின் டிரான்சாக்‌ஷனுக்குள் மட்டும் 'செட் லோக்கல்' கட்டளையால் 256 எம்பி கொடுக்கலாம். அந்த வேலை முடிந்து கமிட் ஆனதும் அளவு தானாகப் பழையபடி 4-க்கு வந்துவிடும்.